விளம்பரத்தில் ஒரு கார்டு, கையில் வேறொரு கார்டு: திருநெல்வேலியில் நடந்த ஒரு நிகழ்வு

பின்னணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் நெல்லைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஜங்ஷன் பகுதியில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. அதில் ஒரு ஜெராக்ஸ் கடையும் மாட்டிக்கொண்டது. கடையில் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்று சேறு படிந்து அப்படியே போயிற்று. மற்றதைச் சர்வீஸ் செய்து ஓட்டினார்கள், ஆனால் நாளுக்கு நாலு தடவை நின்றது.

கடை நடத்துபவரின் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இந்த நிகழ்வு அவருடையது. பெயர் வேண்டாம் என்றார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது. கணவருக்கு அப்படி நிலையான வருமானச் சான்று கிடையாது. ஆகவே வீட்டில் கடன் எதுவானாலும் டீச்சர் பெயரில்தான். மதுரையில் பழைய மெஷினை ரீகண்டிஷன் செய்து விற்கும் ஒருவர் 60,000 ரூபாய் விலை சொல்லியிருந்தார். கார்டு தேய்த்தும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்போர் சங்க அறையில் உட்கார்ந்து, வங்கி, காப்பீடு சம்பந்தமாக மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். டீச்சர் அப்படித்தான் வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்டாலில் நடந்தது

2024 ஜனவரி 20, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கிரெடிட் கார்டு ஸ்டால் போட்டிருந்தார்கள். நோட்டீஸ் தமிழில் இருந்தது. பெரிய எழுத்தில் மூன்று வரி: வாழ்நாள் முழுவதும் கட்டணம் இல்லை, மாத வட்டி 1.25% முதல், லிமிட் 1 லட்சம் வரை.

“முதல்”, “வரை” என்ற இரண்டு சொற்களும் மற்ற எழுத்தில் கால்வாசி அளவுக்குத்தான் இருந்தன. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கான விளக்கம் நோட்டீஸின் அடியில் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. இந்த நோட்டீஸைப் பிற்பாடு பூதக்கண்ணாடி வைத்துத்தான் என்னால் படிக்க முடிந்தது.

ஸ்டாலில் இருந்த பெண் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. “லைஃப்டைம் ஃப்ரீ அக்கா, வட்டி ஒண்ணேகால்தான். டீச்சர் வேலைன்னா உடனே கிடைக்கும்” என்று சொல்லியிருக்கிறது. கையில் வைத்திருந்த டேப்பில் (டேப்லெட் கணினி) அந்தப் பிள்ளையே விவரங்களை நிரப்பியது. ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் படம் எடுத்துக்கொண்டது. ஓடிபி வந்ததும் டீச்சர் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எந்தத் தாளும் கையில் தரப்படவில்லை. நோட்டீஸை மட்டும் டீச்சர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசி வரை எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நோட்டீஸ்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஒரு கார்டுக்கு இவ்வளவு என்ற கமிஷனுக்கு நிற்கிற பிள்ளை. அதற்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது சொன்னது. எங்கள் மனுக்கள் எதிலும் அதன் பெயரை எழுதக் கூடாது என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். அது எனக்கும் சரியாகவே பட்டது.

வந்து சேர்ந்தது

ஜனவரி 31 அன்று ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. எந்தக் கார்டு, என்ன வட்டி என்பது அதில் இல்லை. பிப்ரவரி 6 அன்று கூரியரில் கவர் வந்தது. உள்ளே இருந்தது வேறு பெயர், வேறு நிறத்தில் ஒரு கார்டு. சேர்க்கைக் கட்டணம் 499 ரூபாய், அதே தொகை ஆண்டுதோறும். வட்டி மாதம் 3.5%. லிமிட் 40,000.

டீச்சர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். “அதை ஆக்டிவேட் பண்ணி மூணு மாசம் யூஸ் பண்ணுங்க அக்கா, அப்புறம் நீங்க கேட்ட கார்டா மாத்திரலாம்” என்று பதில் வந்தது. கணவர், “வந்தது வந்துட்டு, இருக்கட்டுமே, அவசரத்துக்கு ஆகும்” என்றார். அன்று இரவே ஆக்டிவேட் செய்யப் போனவர் என்னவோ மனம் ஒப்பாமல் நிறுத்திவிட்டார். பிப்ரவரி 10, சனிக்கிழமை, கவரோடு என்னிடம் வந்தார்.

“கேட்டது ஒண்ணு, தந்தது ஒண்ணு அண்ணாச்சி. இதை வேண்டாம்னு சொல்லலாமா, இல்ல சொன்னா பேரு கெட்டுருமா?” இதுதான் அவர் கேட்ட கேள்வி. சிபிலில், அதாவது நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனத்தின் பதிவில், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் இன்று படித்தவர்களுக்குத்தான் அதிகம். பயந்தே பலர் வேண்டாத கார்டை வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தது

முதலில் நாங்கள் செய்தது கணக்கு. 60,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்தில், சமமான தவணையில் அடைப்பதாக வைத்துக்கொண்டோம். மாதம் 1.25% என்றால் தவணை ஏறக்குறைய 5,415 ரூபாய், மொத்த வட்டி 4,990 ரூபாய்க்குள். கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்தால் சுமார் 5,900. மாதம் 3.5% என்றால் தவணை 6,209 ரூபாய், வட்டி மட்டும் 14,500, ஜிஎஸ்டியோடு சுமார் 17,100. வித்தியாசம் 11,200 ரூபாய். ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய் என்று வைத்தால், 5,600 பக்கம் அடித்து வரும் வரவு முழுவதும் இந்த வித்தியாசத்துக்கே போகும்.

அதோடு, கார்டில் பாக்கி வைத்தால் வட்டி நாள் கணக்கில், பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஏறும். மாதாமாதம் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஆகவே உண்மையான செலவு நாங்கள் போட்ட கணக்கைவிடக் கூடத்தான் இருக்கும். லிமிட் 40,000 என்பதால் மெஷினுக்கே அது எட்டவும் எட்டாது. 1.25 என்பதும் 3.5 என்பதும் பார்க்கச் சின்ன எண்கள். ஆண்டுக்கு 15 சதவீதம், 42 சதவீதம் என்று எழுதிக் காட்டியதும் டீச்சர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

தாள்களில் கண்டது

அடுத்து, வங்கி ஏன் இப்படிச் செய்தது என்று பார்க்க டீச்சரின் கடன் அறிக்கையை எடுத்தோம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. காசு கட்டாமலே பார்க்கலாம். டீச்சருக்கு அன்றுதான் முதல் தடவை.

மதிப்பெண் 690. அளவுகோல் 300 முதல் 900 வரை. மோசமில்லை, சிறப்பும் இல்லை. காரணம் கீழே இருந்தது. 2020இல் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ். கடைசித் தவணை எடுக்க வந்த நாளில் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருக்கிறது. தவணையை மறு வாரமே கட்டிவிட்டார், ஆனால் திரும்பியதற்கான அபராதம் 590 ரூபாய் நிலுவை என்று வருடக்கணக்கில் அறிக்கையில் நிற்கிறது. இவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, குறைந்த வட்டிக் கார்டுக்கு வங்கி இவரைத் தகுதியற்றவர் என்று நினைத்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆளுக்குத் தக்கபடி வட்டி வைப்பது வங்கியின் உரிமை. தகுதி இல்லை என்பதைச் சொல்லாமல், வேறொன்றைக் கவரில் போட்டு, ‘ஏற்கப்பட்டது’ என்று செய்தி அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு விதி இருக்கிறதா என்று தேடினோம். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்கலுக்கென்று ஒரு தொகுப்பு நெறிமுறை வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து எங்களுக்குத் தேவைப்பட்டவை சில.

விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் முதலியவற்றை ஒரே பக்கத்தில் சொல்லும் முக்கிய விவரச் சுருக்கம் தர வேண்டும். டீச்சருக்கு அது தரப்படவில்லை. நிபந்தனைகள் எளிய மொழியில், கூடுமானவரை ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி மூன்றிலும் இருப்பது நல்லது என்கிறது. விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கார்டு தரும்போது வெளிப்படையாகச் சொல்லாத, வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதிக்காத எந்தக் கட்டணத்தையும் வசூலிக்கக் கூடாது. கார்டை ஆக்டிவேட் செய்யும் முன் அந்தக் கணக்கைப் பற்றிய எந்தத் தகவலையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பக் கூடாது.

டீச்சரின் பயத்துக்குப் பதில் அந்தக் கடைசி விதியில் இருந்தது. ஆக்டிவேட் செய்யாத வரை இந்தக் கார்டால் பெயர் கெடாது. விண்ணப்பித்தபோது வங்கி அறிக்கையைப் பார்த்தது என்ற ஒரு பதிவு மட்டும் இருக்கும். அதை அழிக்க முடியாது, அது ஒன்றும் பெரிய கெடுதலும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஆக்டிவேட் செய்வதில்லை. கார்டை வெட்டவும் இல்லை. கவரோடு படம் எடுத்து பீரோவில் வைத்தாயிற்று.

இரண்டாவது முடிவு எதைக் கேட்பது என்பது. இதில்தான் அதிகம் யோசித்தோம். “விளம்பரத்தில் சொன்ன கார்டைத் தா” என்று கேட்பதுதான் யாருக்கும் இயல்பாகத் தோன்றும். டீச்சரும் அதையே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். யாருக்கு என்ன வட்டியில் கடன் தருவது என்பது வங்கியின் வணிக முடிவு. ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில், வணிக முடிவுகள் மீதான புகார்களை எடுத்துக்கொள்வதில்லை என்று தெளிவாகவே இருந்தது. அந்தக் கோரிக்கையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நியாயம் நம் பக்கம் இருந்தும் கேட்கிற விதத்தில் தோற்றுப்போவோம்.

அதனால் வேறு விதமாக எழுதினோம். டீச்சர் விண்ணப்பித்தது நோட்டீஸில் இருந்த கார்டுக்கு. அது கிடைக்கவில்லை. அப்படியானால் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. நிராகரித்ததற்குக் காரணத்தை எழுத்தில் தரவும். இப்போது வந்திருக்கும் கார்டைக் கேட்கவில்லை; அதைக் கட்டணமின்றி மூடவும். விண்ணப்பத்தின் நகலையும் முக்கிய விவரச் சுருக்கத்தையும் அனுப்பவும். இந்த மூன்றும் ஒரே கடிதத்தில், பிப்ரவரி 12 அன்று, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போயிற்று.

நெறிமுறையில் காரணம் சொல்லும் கடமை நிராகரிப்புக்குத்தான் இருக்கிறது. மட்டமான கார்டைத் தந்ததற்குக் காரணம் சொல் என்று அந்த விதி சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை பேர் சிக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஏதோ ஒன்று கையில் வந்துவிட்டதால் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கேட்டது கிடைக்காததை நிராகரிப்பு என்று பெயர் சொல்லி எழுதியதுதான் இந்த நிகழ்வில் நாங்கள் செய்த உருப்படியான காரியம்.

மெஷினுக்கான பணம் இதற்காகக் காத்திருக்க முடியாது. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் டீச்சர் இரண்டு வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து நகைக்கடன் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 11 சதவீதத்துக்குள். வளையலைக் கழற்றியபோது மனது கஷ்டப்பட்டது என்றார். அதுவும் இந்த நிகழ்வின் செலவுதான், எந்தக் கணக்கிலும் வராத செலவு.

பிப்ரவரி 21 அன்று வங்கியின் பதில் வந்தது. ‘உள் கொள்கையின்படி தகுதியான கார்டு வழங்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. விண்ணப்ப நகல் மட்டும் இணைத்திருந்தார்கள். பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. விண்ணப்பித்த வகைக்குத் தகுதி இல்லாவிட்டால் வங்கி பொருத்தமெனக் கருதும் வேறு வகையைத் தர எனக்குச் சம்மதம் என்பது அதன் சாரம். டேப்பில் ஒரே ஓடிபியில் அதற்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் ஒரு நிமிடம் நானே தளர்ந்துபோனேன். மறுபடி படித்தபோதுதான் பிடி கிடைத்தது. வேறு கார்டுக்குச் சம்மதம் இருக்கிறது. 499 ரூபாய் என்ற எண் அந்தப் பதினோரு பக்கத்தில் எங்குமே இல்லை. கட்டணத்துக்கு வெளிப்படையான சம்மதம் வாங்கவில்லை.

மூன்று நாளில் பில்லும் வந்துவிட்டது. 499, ஜிஎஸ்டி 89.82, ஆக 588.82 ரூபாய். ஒரு தடவைகூடத் தொடாத கார்டுக்கு. கார்டை மூடுவது பற்றிக் கேட்டபோது, நிலுவையைக் கட்டினால்தான் மூடுவோம் என்றார்கள். விதியிலும் மூடும் கோரிக்கையை ஏழு வேலை நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், ஆனால் எல்லா நிலுவையும் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணவர் கட்டிவிடச் சொன்னார். “அறுநூறு ரூவாதான, தொலையட்டும்.” அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கடையை விட்டுவிட்டு இதற்காக அலைந்தால் அதைவிட நஷ்டம். கட்டினால் கட்டணத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்பது என் எண்ணம். டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “கட்ட மாட்டேன். நான் வாங்காத சாமானுக்கு எதுக்கு அண்ணாச்சி காசு?” என்றார். ஆக்டிவேட் செய்யாத கார்டைப் பற்றிக் கடன் அறிக்கையில் ஏற்ற முடியாது என்பது தெரிந்திருந்ததால்தான் அந்தத் தைரியம் வந்தது. பிப்ரவரி 27 அன்று வங்கியில் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கு இரண்டாவது கடிதம் போயிற்று.

ஓடிபி கேட்டு வந்த அழைப்பு

மார்ச் 11 மாலை ஆறு மணிக்கு டீச்சருக்கு ஒரு அழைப்பு. வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டை மூடத்தான், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றார்கள். ஓடிபி வந்தது. டீச்சர் சொல்வதற்கு வாயெடுத்துவிட்டு, பழக்கத்தில் செய்தியை முழுதாகப் படித்தார். கார்டை ஆக்டிவேட் செய்வதற்கான ஓடிபி என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. “இதுல வேற போட்டிருக்கே” என்று கேட்டதும், சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் மேடம் என்றார்கள். இவர் போனை வைத்துவிட்டார்.

கார்டு தந்து 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால், ஓடிபி மூலம் வாடிக்கையாளரின் சம்மதத்தை வங்கி கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் அப்படிக் கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள், வாடிக்கையாளருக்குச் செலவு எதுவும் இல்லாமல் கணக்கை மூட வேண்டும். வந்தது அந்த ஓடிபிதான். வாடிக்கையாளரைப் பாதுகாப்பதற்காக வைத்த விதி. அதையே கார்டை உயிர்ப்பிக்கும் வழியாக ஆக்கப் பார்த்தார்கள். அன்று டீச்சர் அந்த ஆறு எண்ணைச் சொல்லியிருந்தால் நாங்கள் எழுதிய எல்லாக் கடிதமும் வீணாகியிருக்கும். அழைத்தவர் அறியாமல் செய்தாரா, அறிந்து செய்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறுஞ்செய்தியையும் அழைப்பு வந்த நேரத்தையும் படம் எடுத்து வைத்தோம்.

குறைதீர்ப்பாளரிடம்

முதல் கடிதம் போய் 30 நாள் முடிந்தது. திட்டப்படி, வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சி.எம்.எஸ். என்ற அவர்களது புகார் பதியும் இணையத் தளத்தில் மார்ச் 18 அன்று பதிந்தோம். இணையம் இல்லாதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதையும் பேசினோம். திருநெல்வேலியிலேயே இருக்கிறது, ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வாய்தா வாய்தாவாக டீச்சர் லீவு போட வேண்டும், ஆண்டுத் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் இதை எடுக்கவும் மாட்டார். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மனுவில் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சம்மதிக்காத கட்டணம், காரணம் தராத நிராகரிப்பு, 30 நாள் கழிந்தும் மூடாத கணக்கு, மூடுவதாகச் சொல்லி ஆக்டிவேஷன் ஓடிபி கேட்டது. இந்த நான்குதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இணைத்தோம்.

நோட்டீஸைப் பற்றித் தனியாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தில் சொன்ன செய்தியின் மொழியிலேயே இருக்க வேண்டும், எழுத்தும் அதே எழுத்தாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை சொல்வதைப் பற்றி இவ்வளவு தெளிவாக ஒரு விதி இருப்பது, உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

விளைவு

ஏப்ரல் 26 அன்று வங்கியிடமிருந்து கடிதம் வந்தது. 588.82 ரூபாயும் அதன் மேல் ஏறியிருந்த தாமதக் கட்டணமும் நீக்கப்பட்டன. கணக்கு மூடப்பட்டது. நிராகரிப்புக்கான காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: கடன் மதிப்பெண் அந்தக் கார்டுக்கான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தது. ஒரே வரிதான். அந்த ஒரு வரியைப் பெற எழுபத்தைந்து நாள் ஆயிற்று. மே மாதம் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது.

கார்டை மூடத் தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்றும் நெறிமுறையில் இருக்கிறது. நிலுவை இல்லாத கணக்குக்குத்தான் அது பொருந்தும். அந்த நிலுவையே தவறு என்று நாங்கள் சொன்னோம். நீக்கிய நாளிலிருந்துதான் நிலுவை இல்லை என்று வங்கி சொன்னது. டீச்சர் அதற்கு மேல் போகவில்லை. “போதும் அண்ணாச்சி, பிள்ளையளுக்குப் பேப்பர் திருத்தணும்.” எனக்கு வருத்தம்தான், ஆனால் அது அவருடைய முடிவு.

ஃபிரிட்ஜ் கடனின் 590 ரூபாயைக் கட்டி, கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கினார். ஜூன் மாத அறிக்கையில் அந்த நிலுவை போயிருந்தது.

1915இல் பதிந்த புகாருக்கு, கருத்தைக் கவனத்தில் கொண்டோம் என்று பதில் வந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அதே வாசலில் அதே ஸ்டாலைப் பார்த்தேன். நோட்டீஸ் புதுசு. “முதல்” கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அடியில் இருந்த நாலு வரி இன்னும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதை எடுத்து வந்து இரண்டாவது புகார் பதிந்திருக்கிறேன்.

மறுபடி செய்வதானால்

மூன்று கோரிக்கைகளை ஒரே கடிதத்தில் எழுதியது என் தவறு. வங்கி அதை ஒரு பொதுப் புகாராக எடுத்துக்கொண்டு, மூடும் கோரிக்கை எப்போது வந்தது என்று தேதியே கொடுக்காமல் தப்பியது. ‘இந்தக் கார்டை மூடவும்’ என்பதை மட்டும் தனிக் கடிதமாக, பில் வருவதற்கு முன், பிப்ரவரி 10ஆம் தேதியே அனுப்பியிருந்தால் ஏழு வேலை நாள் என்ற கணக்கு சுத்தமாக ஓடியிருக்கும். அப்போது நிலுவை என்று காட்ட அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது. 500 ரூபாய் விஷயத்திலும் எங்கள் வாதம் நின்றிருக்கும். இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எழுதித் தருகிறேன். மற்றதெல்லாம் அடுத்த நாள்.

கடன் அறிக்கையை விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்த்திருந்தால் 590 ரூபாயை டிசம்பரிலேயே முடித்திருக்கலாம். ஸ்டாலில் முக்கிய விவரச் சுருக்கத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம், ஆனால் அது இல்லாமல் ஓடிபி சொல்லியிருக்கக் கூடாது. ஓடிபி என்பது இப்போது கையெழுத்து. டேப்பைத் திருப்பி, எந்தக் கார்டு, என்ன வட்டி, தகுதி இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

நகைக்கடனை டீச்சர் 2024 நவம்பரில், தீபாவளி முடிந்த வாரத்தில் அடைத்தார். மெஷின் ஓடுகிறது. மூடிய கார்டை நாலாக வெட்டி, வங்கியின் ஏப்ரல் கடிதத்தோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார். அந்த நோட்டீஸ் மட்டும் என்னிடம் இருக்கிறது, சங்க அறைப் பலகையில், “முதல்”, “வரை” இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு ஒட்டியிருக்கிறேன்.